கேபினில் மூச்சு முட்டிய எம்.பி.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் துரைசாமி ஐயா அவர்களே! மேடையில் ஒரு நாற்காலியிலும் பக்கத்து நாற்காலியில் பாதியிலுமாக வீற்றிருக்கும் கான்டிராக்டர், என் அருமை ரவிக்குமார் அண்ணாச்சி அவர்களே! மேடைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உதயசூரியன் அண்ணனின் மனைவி, எங்கள் சந்திரமதி அண்ணி அவர்களே! குட்வில் எஸ்டேட்டிலிருந்து நடந்தும், வண்டூரிலிருந்து பஸ் பிடித்தும் வந்து சேர்ந்திருக்கும் சொந்தங்களே! ஒரு வார்த்தை தமிழ் புரியாவிட்டாலும் அண்ணனுக்காக வந்து தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெங்காலி, தெலுங்கு, மலையாள உறவுகளே! எல்லோருக்கும் இந்தக் கணபதியின் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயர் இல்லை. தேடாதீர்கள். அண்ணிதான் "கணபதி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் போர்ட் பிளேரிலிருந்து கேம்பல் பே போகிற கப்பலில் கேன்டீன் நடத்துகிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் எங்கள் அண்ணன் உதயசூரியனைச் சிங்கம் என்றார்கள், மலை என்றார்கள், சட்டக் கடல் என்றார்கள். எனக்கு அப்படியெல்லாம் வராது. எனக்குத் தெரிந்த அண்ணன், கப்பலின் மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குப் பக்கத்தில், பாய் விரித்துப் படுத்துக் கிடந்த மனுசன்.

அழுவதற்கு மட்டும் நான் இந்த மைக்கைப் பிடிக்கவில்லை. ஒன்று கேட்கவும் வந்திருக்கிறேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால், கதவோரம், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பிள்ளை அழுகிறதே, கேட்கிறதா? இந்தக் கூட்டத்தில் வாய்விட்டு அழுவது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதன் அம்மா பெயர் சுதா. கேம்பல் பே பெண். இங்கே பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். தையல் இன்னும் ஆறவில்லை. நாளைக் காலைக் கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். கிடைத்திருப்பது கீழ்த்தளத்தில் பங்க் என்கிற அடுக்குக் கட்டிலில் மேல் படுக்கை. ஏணி பிடித்து ஏற வேண்டும், பிள்ளையோடு. ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, அப்புறம் கேம்பல் பே. நடுவில் டென் டிகிரி சேனல் கடலில் கப்பல் எப்படி ஆடும் என்று இங்கே யாருக்கும் நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் படுக்க ஒரு கேபின் வேண்டும். அதைத்தான் கேட்க வந்தேன். ஆனால் இப்போது கேட்க மாட்டேன். முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் படத்தைப் பாருங்கள். தலை வாரி, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். நல்ல படம்தான். ஆனால் இப்படித் தலை வாரி நான் அவரைப் பார்த்ததே இல்லை. மேல்தளத்துக் காற்றில் அவர் முடி எப்போதும் தென்னங்கீற்று மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். "வக்கீல் சாப், உங்க தலைய பாத்தே காத்து எந்தப் பக்கம்னு கேப்டன் கண்டுபிடிச்சிருவாரு" என்பேன். "உன் சப்பாத்திய பாத்தே கடல் ஆட்டத்தைக் கண்டுபிடிச்சிருவாருடா, ஒண்ணாவது வட்டமா இருக்கா?" என்பார். வக்கீல் அல்லவா! பதில் வைத்திருப்பார்.

கேம்பல் பேயில் பட்டாளத்து வீட்டுப் பிள்ளை அவர். அவர் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, காட்டைத் திருத்தி, தென்னை வைத்து, பிள்ளையை மெயின்லேண்டுக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். படித்தவர் அங்கேயே இருந்திருக்கலாம். ஏன் வந்தார்? எதற்காக வந்தார்? நம் ஊர் கோர்ட்டில் ஒரு மேசையையும், அந்த மேசைக்கு ஆடுகிற ஒரு காலையும் நம்பி ஏன் வந்தார்? கேட்டால், "அங்க கட்சிக்காரன் வீட்டுக்கு வந்து கேஸ் சொல்றான் கணபதி. நம்ம ஆளு கேஸ் சொல்லணும்னா கப்பல் ஏறி வரணும். வர்ற வழியிலேயே பாதிப் பேரு கேஸை மறந்துடுறான்" என்பார்.

மறக்கத்தான் செய்தார்கள்! மறக்க வைத்தவரே அவர்தான். கோவிந்தராஜ் கேஸ் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். கோவிந்தராஜும் பக்கத்துத் தோட்டத்து சர்தார்ஜியும் வேலித் தகராறில் முகம் பார்த்துப் பேசி வருசக் கணக்காகியிருந்தது. வாய்தாவுக்கு இரண்டு பேரும் போர்ட் பிளேர் வர வேண்டும். இருப்பதோ ஒரே கப்பல். வாதியும் பிரதிவாதியும் ஒரே கப்பலில், ஒரே பங்க் வரிசையில், நடுவில் வக்கீல்! உலகத்தில் வேறெங்கே நடக்கும் இந்தக் கூத்து? கமோர்ட்டா தாண்டியதும் கோவிந்தராஜுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வாளியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ஒரு கை வந்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடிக்கிறது. யார் கை? சர்தார்ஜி கை!

"அரே கோவிந்த் பாய், பஹலே பானி பீ. கேஸ் பாத் மே."

முதலில் தண்ணீர் குடி, கேஸ் அப்புறம் என்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டு கோவிந்தராஜ் சொல்கிறார்: "யோவ் சர்தாரு, வேலிய நீ எங்க வேணா போட்டுக்க. தலைய மட்டும் விட்டுடாத."

எங்கள் வக்கீல் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு என் கேன்டீன் வாசலில் நிற்கிறார். "போச்சுடா கணபதி. இதுக்கு மேல கோர்ட்டுல நான் எதை வாதாடுறது? ரெண்டு டீ போடு. எதிர்க்கட்சிக்காரனுக்குச் சர்க்கரை தூக்கலா."

கரை சேர்ந்ததும் சமாதானம். துரைசாமி ஐயா அன்றைக்கு அவரைத் திட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா ஐயா? "கேஸை ஜெயிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, கேஸ் இல்லாம ஆக்குறியேப்பா, நீயெல்லாம் எப்படிப் பொழைக்கப் போற?" என்றீர்கள். ஐயா தலையாட்டுகிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். துடைத்துக்கொள்ளுங்கள் ஐயா, நான் காத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவரைத்தான் நாம் பிடித்துத் தேர்தலில் நிறுத்தினோம். முதல் முறை தோற்றார். தோற்ற மறுநாள் அதே கப்பலில் ஏறி, ஓட்டுப் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தார். "போடாதவனுக்கு எதுக்குண்ணே நன்றி?" என்றேன். "கப்பல்ல எவன் போட்டான், எவன் போடலன்னு முகத்தைப் பாத்து எப்படிடா பிரிக்கிறது?" என்றார். அடுத்த முறை ஜெயித்தார். இத்தனை தீவுக்கும் டெல்லியில் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் நம் அண்ணன்!

டெல்லியில் என்ன கேட்டார்? மற்றவர்கள் பாலம் கேட்டார்கள், ரயில் கேட்டார்கள். இவர் கேட்டது ஒரு படுக்கை. நம் தீவுகளுக்குள் ஓடும் ஒவ்வொரு கப்பலிலும் நோயாளிக்கென்று ஒரு கேபின் ஒதுக்குங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார். அங்கே பேச அவருக்குக் கொடுத்த நேரத்துக்குள் நம் ஊர்க் கப்பல் கயிறுகூட அவிழ்த்திருக்காது. கொடுத்த நேரத்தில் பேசினார். பதில் வந்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று. அடுத்த கூட்டத்திலும் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது. சட்டைக் காலர் கிழிகிற வரைக்கும் கேட்டார். இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. கேட்டவர்தான் இல்லை.

இனி நான் சொல்லப் போவதில் பாதி கப்பலில் பலருக்குத் தெரியும். மீதியை அண்ணியைத் தவிர இங்கே யாரும் அறிய மாட்டீர்கள்.

எம்.பி. ஆனதும் அவருக்குக் கப்பலில் ஏ.சி. கேபின் கொடுத்தார்கள். முதல் பயணம். பையை உள்ளே வைத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஒரு நடை போய் வந்தார். அங்கே எங்கள் மங்கையர்க்கரசி டீச்சர், இடுப்பு ஆபரேசன் முடிந்து ஊர் திரும்புகிறார், மேல் படுக்கையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கேன்டீனுக்கு வந்தார்.

"கணபதி, அந்தக் கேபின்ல மூச்சு முட்டுதுடா. வயித்தப் பெரட்டுது. எனக்கு டெக்குதான் ஒத்துக்கும். கேபின் சும்மா கிடந்தா வீண். அந்த டீச்சரைப் போய்ப் படுக்கச் சொல்லு."

"உங்க இடத்தையா?" என்று டீச்சர் பதறினார்.

"டீச்சர், நீங்கதான் எனக்கு உதவி பண்றீங்க. ஆளில்லாமக் கிடந்தா நாளைக்கு என்னையத்தான் கேள்வி கேப்பாங்க."

கேம்பல் பேயில் இறங்கிய டீச்சர் ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், எம்.பி.க்குக் கேபின் ஒத்துக்கல. அவருக்கு ஒரு உபகாரமா நான்தான் போய்ப் படுத்தேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அண்ணன் கப்பலில் ஏறுவார், நெஞ்சைப் பிடிப்பார், மூச்சு முட்டும். ஒரு தடவை கால் முறிந்த மீன்காரர், ஒரு தடவை காய்ச்சலில் கிடந்த நிக்கோபாரிப் பிள்ளையும் அதன் அம்மாவும், யாராவது ஒருவர் அந்தக் கேபினில் ஜம்மென்று போவார்கள். அண்ணன் மேல்தளத்து இரும்பில் பாய் விரிப்பார். மழை வந்தால் தார்ப்பாய். கப்பலில் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். "கடலுக்கு நடுவுல பொறந்துட்டு கேபின் ஒத்துக்காத எம்.பி. நீங்க ஒருத்தர்தான்ணே" என்பேன். சிரிப்பார். வயிற்றுப் புரட்டலுக்கு நல்லது என்று என் எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுபோய் நீட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அத்தனை ருசி என்று நினைத்து அடுத்த தடவை இரண்டு துண்டாகக் கொடுப்பேன்.

அன்றைக்குக் காலையில் அவர் போய்விட்டார் என்று ஹட்டோ கப்பல்துறையில் எனக்குத் தகவல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு குட்வில் எஸ்டேட்டுக்கு ஓடினேன். நடுக்கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். கதவோரம் அவருடைய கப்பல் பை, கட்டியது கட்டியபடி இருக்கிறது. அந்த வாரக் கப்பலுக்குக் கட்டிய பை. ஐயோ, அந்தப் பையைப் பார்த்ததும்தான் எனக்கு உடைந்தது. எனக்குத் துக்கம் வந்தால் வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் கேபின் கதையைச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தேன். அண்ணி திரும்பிப் பார்த்தார்கள்.

"கணபதி, அவருக்குக் கேபின்ல மூச்சு முட்டும்னு யாரு சொன்னா?"

"அவரேதான் அண்ணி. ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவாரே!"

"கல்யாணமான புதுசுல மெயின்லேண்டுக்கு ரெண்டு பேரும் கேபின்லதான் போனோம். கரை தெரியுற வரைக்கும் குறட்டை. எனக்குத்தான் தூக்கம் இல்ல. எம்.பி. ஆன பெறகும் ஒவ்வொரு தடவை திரும்பி வந்தா, கேபின் சொகமா இருந்துச்சு சந்திராம்பாரு. சட்டையெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கும். என்னங்க இதுன்னா, ஜன்னலத் தெறந்து வெச்சுட்டேம்பாரு."

அந்த ஏ.சி. கேபின் ஜன்னலைத் திறக்கவே முடியாது, சொந்தங்களே! அது திறக்கிற ஜன்னலே இல்லை!

"ஊறுகாய்கூட ரெண்டு துண்டா வாங்கித் திம்பாரே அண்ணி" என்றேன்.

"ஊறுகாயா? வாசம் பட்டாலே எழுந்து போயிருவாரே அந்த மனுசன்" என்றார்கள்.

பார்த்தீர்களா வக்கீலை! எங்களுக்கு ஒரு பொய், வீட்டுக்கு ஒரு பொய். இரண்டு பக்கமும் பொய்ச் சாட்சி சொல்லி, இரண்டு பக்கமும் கேஸை ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார். எதற்காக? படுத்தவர்கள் கை கூப்பி நிற்கக் கூடாது. எம்.பி. இடத்தை வாங்கிவிட்டோமே என்று ஒரு நோயாளி கூசக் கூடாது. அதற்காக மழையில் நனைந்தார், கேலியை வாங்கிக்கொண்டார், ஊறுகாய் தின்றார். இப்படி ஒரு மனுசனை இனி எங்கே தேடுவேன்? எந்தக் கப்பலில் தேடுவேன்?

ஒருமுறை மேல்தளத்தில் கேட்டேன்: "அண்ணே, டெல்லியில கேக்குறீங்க, ஒண்ணும் நடக்கல. எதுக்குத்தான் விடாமக் கேக்குறீங்க?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேள்வி அங்க கேக்கணும்டா, விடக் கூடாது. ஆனா பதில் வர்ற வரைக்கும் ஆளு எங்க படுக்கும்?"

அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்த மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பதில் வருகிற வரைக்கும் ஆள் எங்கே படுக்கும்? சுதா எங்கே படுக்கும்?

நாளைக் காலைக் கப்பலில் கேபின் ஒன்றுகூட இல்லை என்று அவள் வீட்டுக்காரர் என் கேன்டீன் வாசலில் வந்து நின்றார். ஏன் இல்லை? எல்லாம் யார் எடுத்தது? நாம்தான். அண்ணனுக்கு கேம்பல் பேயிலும் இரங்கல் கூட்டம் வைக்கிறோம் அல்லவா, அதற்குப் போகிற பெரியவர்களுக்கு. யாரையும் குறை சொல்லவில்லை. அன்பினால் செய்தது. அன்பு கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ரவிக்குமார் அண்ணாச்சி, கோபப்படாதீர்கள், உங்களிடம்தான் வருகிறேன். உங்கள் கேபினில் இரண்டு படுக்கை. ஒன்றில் நீங்கள். இன்னொன்றில் யார்? மாலை! சென்னையிலிருந்து விமானத்தில் வந்த ரோஜா மாலை. கேம்பல் பே போவதற்குள் வாடக் கூடாது என்று அதற்கு ஏ.சி. படுக்கை. நம் ஊரில் ரோஜாவுக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? தப்பே இல்லை அண்ணாச்சி. ஆனால் நினைத்துப் பாருங்கள். அண்ணன் இருந்து, அந்தக் கேபின் கதவைத் திறந்து, படுக்கையில் மாலை படுத்திருப்பதையும், கீழ்த்தளத்தில் தையல் போட்ட பெண் ஏணியைப் பார்த்து நிற்பதையும் கண்டிருந்தால், என்ன செய்திருப்பார்?

நெஞ்சைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டியிருக்கும்.

நான் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

என்ன அண்ணி? எழுந்திருக்கிறீர்களே? சத்தமாகச் சொல்லுங்கள். "எனக்கும் கேபின்ல மூச்சு முட்டும் கணபதி" என்கிறார்கள். முட்டாது அண்ணி. எனக்குத் தெரியும். அண்ணன் சாம்பலை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். உங்கள் கேபினை வாங்கினால் கேம்பல் பேயில் என்னை இறங்க விட மாட்டார்கள். உட்காருங்கள் அண்ணி, தயவுசெய்து உட்காருங்கள்.

இதோ, அண்ணாச்சி எழுந்துவிட்டார்! மெதுவாக, மெதுவாக. மேடை பழைய மேடை. என்ன சொல்கிறார்? மைக்கை நீட்டுகிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கணபதி... எனக்குக் கேபின் ஒத்துக்காதுடா. மூச்சு முட்டும். அந்தப் பிள்ளையைப் படுக்கச் சொல்லு."

கேட்டீர்களா! அண்ணாச்சி, நெஞ்சை இடது பக்கம் பிடிக்க வேண்டும். நீங்கள் வயிற்றைப் பிடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை, போகப் போகப் பழகிவிடும்.

சுதா, எழுந்திருக்காதே தாயி. கும்பிடாதே. யாருக்கும் நன்றி சொல்லாதே. நீதான் அண்ணாச்சிக்கு உபகாரம் செய்கிறாய். கப்பலில் இடம் ஒதுக்குகிற பர்சரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாலையை என் கேன்டீன் ஃபிரிட்ஜில் மேல் தட்டில் வைக்கிறேன். கொஞ்சம் மீன் வாசம் வரும். அண்ணன் ஒன்றும் நினைக்க மாட்டார்.

இப்போது எல்லோரும் கை தூக்குங்கள். துரைசாமி ஐயா, நீங்களும். டெல்லியில் அண்ணன் கேட்டதை அடுத்து யார் போனாலும் விடாமல் கேட்க வைப்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் முதலில் இதைக் கேட்போம். பதில் வருகிற வரைக்கும், ஒவ்வொரு கப்பலிலும் கேபின் வைத்திருக்கிற யாராவது ஒருவருக்கு மூச்சு முட்டும். முட்டியே தீர வேண்டும்! இது உதயசூரியன் அண்ணன் பெயரில் நாம் சொல்கிற பொய். ஒவ்வொரு பயணத்திலும், கூசாமல், சிரித்த முகத்தோடு சொல்வோம்.

அண்ணி, ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அண்ணனையும் கேபினுக்குள் வைக்காதீர்கள். ராத்திரி நீங்கள் உள்ளே படுத்துக்கொள்ளுங்கள். அவரை என்னிடம் கொடுங்கள். மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து வைக்கிறேன். ஒரு பக்கம் அண்ணாச்சி படுத்துக்கொள்ளட்டும். மறுபக்கம் அண்ணன் இருக்கட்டும். மழை வந்தால் தார்ப்பாய் இருக்கிறது.

ஊறுகாய் மட்டும் கொண்டு வர மாட்டேன் அண்ணே. இனி வேண்டியதில்லை.